நான்கு கோப்பிலிருந்து ஒரு மென்பொருள்

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நாமே கம்பைல் செய்யலாம், அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றலாம் என்றால் பலர் தயங்குகிறார்கள், திரை முழுக்க ஓடும் பிழைச் செய்திகளைப் பார்த்து வந்த பயம் அது. அந்தச் செய்திகள் என்ன சொல்கின்றன என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழகிப் பார்க்க எஸ்க்யூலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட தரவுத்தளம். ஆண்ட்ராய்டு போனிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஓடுவது இதுதான், பதிப்புரிமை எதுவும் கோராமல் பொதுச்சொத்தாகவே விட்டிருக்கிறார்கள்.

அதன் தளத்திலிருந்து 'அமால்கமேஷன்' என்ற ஜிப்பை இறக்கிப் பிரித்தால் உள்ளே நான்கே கோப்புகள். எஸ்க்யூலைட்3.சி என்பதில் மொத்தத் தரவுத்தளமும் இருக்கிறது, இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். ஷெல்.சி என்பது நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி அதனிடம் கொடுக்கும் முகப்பு. மற்ற இரண்டும் ஹெடர்கள், அதாவது ஃபங்ஷன்களின் (பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரல் பகுதிகளின்) அறிமுகப் பட்டியல்.

லினக்ஸில் ஜிசிசி இருந்தால் போதும், 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டு இன்றுவரை வளர்ந்துவரும் இலவசக் கம்பைலர். இப்போது வேண்டுமென்றே ஒரு தப்பு செய்யுங்கள்: ஷெல்.சி-யை மட்டும் கொடுங்கள். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று சொல்லி, எஸ்க்யூலைட்3 என்று தொடங்கும் பெயர்களாகக் கொட்டும். சரி, மாற்றி எஸ்க்யூலைட்3.சி-யை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதே புகார் வரும், ஆனால் இந்த முறை காணாமல் போனது 'மெயின்', அதாவது நிரல் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஃபங்ஷன்.

இரண்டு கோப்பிலும் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. கம்பைலர் ஒவ்வொரு சி கோப்பையும் தனித்தனியாகத்தான் எந்திர மொழிக்கு மாற்றுகிறது. வேறு கோப்பில் இருக்கும் ஃபங்ஷனை அழைக்க வேண்டிய இடத்தில் பெயரை மட்டும் குறித்துவிட்டு முகவரியைக் காலியாக விட்டுப் போகிறது. அந்தப் பெயரும் அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதும் ஹெடரிலிருந்து கிடைக்கிறது, அவ்வளவுதான். காலியிடங்களை நிரப்புவது கடைசியில் வரும் லிங்கர். கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருக்கிறது, மண்டபத்தில் ஆளைக் காணோம் என்பதைத்தான் அது புகாராகச் சொன்னது. இரண்டு கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், புதிய லினக்ஸ் என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஓடக்கூடிய நிரல் கையில் வந்துவிடும். சைன், கொசைன் போன்ற கணித ஃபங்ஷன்களையும் சேர்க்கச் சொல்லியிருந்தால் கணித லைப்ரரி என்ற தயார்நிலை ஃபங்ஷன் தொகுப்பின் பெயரையும் தர வேண்டும், அதுவும் கட்டளையின் கடைசியில், ஏனென்றால் லிங்கர் இடமிருந்து வலமாகத்தான் தேடிக்கொண்டு போகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. இதே நான்கு கோப்புகள் விண்டோஸுக்கும் போதும். எழுதியதை வட்டில் உண்மையிலேயே பதியவைக்க லினக்ஸில் எஃப்சிங்க் என்ற அழைப்பு, விண்டோஸில் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ். இரண்டுக்குமான நிரலும் அந்தப் பெரிய கோப்புக்குள்ளேயே அடுத்தடுத்து இருக்கிறது. கம்பைலர் வேலையைத் தொடங்கும் முன் ப்ரீப்ராசஸர் வந்து, இது எந்த இயங்குதளம் என்று பார்த்து, தேவையில்லாத பகுதியை வெட்டி எறிந்துவிடும். மிச்சம் இருப்பது மட்டும்தான் கம்பைலரின் கண்ணில் படும்.

விண்டோஸில் இதற்கு எம்சிஸ்2 என்ற இலவசத் தொகுப்பை நிறுவி, அதிலிருந்து யூசிஆர்டி64 என்ற, விண்டோஸில் நேரடியாக ஓடும் நிரல்களைச் செய்யும் பிரிவுக்கான ஜிசிசியை இறக்கிக்கொள்ளுங்கள். கிடைக்கும் இஎக்ஸ்இ கோப்பை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து எம், இசட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தில் அந்தக் கோப்பு வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை, இன்னும் அப்படியே இருக்கின்றன. லினக்ஸில் செய்தது 7எஃப் என்ற பைட்டில் தொடங்கும், அப்புறம் ஈ, எல், எஃப். உள்ளே இருப்பது ஒரே ப்ராசஸருக்கான கட்டளைகள்தான் என்றாலும் உறை வேறு, கேட்கும் அழைப்புகள் வேறு, அதனால் ஒன்று மற்றதில் நேரடியாக ஓடாது.

ஆனால் எம், இசட் இருப்பதாலேயே அது வேறு துணை இல்லாமல் விண்டோஸிலேயே ஓடும் நேட்டிவ் நிரல் என்று நம்பிவிட வேண்டாம். எம்சிஸ்2-வில் பல சாளரங்கள் உண்டு, எம்சிஸ் என்றே பெயருள்ள சாளரத்தில் அதற்கான ஜிசிசியை வைத்துக் கம்பைல் செய்தால் யுனிக்ஸ் (லினக்ஸுக்கு முன்னோடியான இயங்குதளம்) போல நடிக்கும் ஒரு டிஎல்எல்லும், அதாவது நிரல் ஓடும்போது தேவைப்படும் துணைக் கோப்பும், கூடவே ஒட்டிக்கொள்ளும், அது இல்லாத கணினிக்குக் கொண்டுபோனால் நிரல் திறக்கவே திறக்காது. நிரலுக்குத் தேவையான டிஎல்எல்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையில் உங்கள் நிரலின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் எம்சிஸ்-2.0 என்ற டிஎல்எல் தெரிந்தால் யூசிஆர்டி64 சாளரத்தைத் திறந்து மறுபடி செய்யுங்கள், ஒரு நிமிட வேலைதான்.