2,000 அடி சரி, ஆனால் எந்த இடத்தில்?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் யாரைக் கேட்டாலும் ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆளுக்கு ஆள் கதை மாறும். பதிவில் இருப்பது இதுதான்: 1974 டிசம்பர் 4, இரவு 10 மணி தாண்டிய நேரம், இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், அந்த மலைத்தொடரில் ஏறக்குறைய 4,355 அடி உயரத்தில் மோதியது. உள்ளே இருந்த 191 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதன் டயர் ஒன்றை நோர்ட்டன் பிரிட்ஜில் இன்னும் நினைவாக வைத்திருக்கிறார்கள்.

கட்டுப்பாட்டு அறை அந்த விமானத்துக்கு முதலில் 5,000 அடிக்கும், பிறகு 2,000 அடிக்கும் இறங்க அனுமதி கொடுத்திருந்தது. கட்டுநாயக்க ஓடுபாதை கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது, நீர்கொழும்பு வாவிக்கு மேலே 2,000 அடியில் பறந்தால் ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் விமானம் இருந்தது அங்கே இல்லை, ஓடுபாதைக்குக் கிழக்கே சுமார் 40 கடல் மைல் தள்ளி, நம்முடைய தேயிலை மலைகளுக்கு மேலே. (இனி மைல் என்று எழுதுவதெல்லாம் கடல் மைல்தான், 1.852 கிலோமீட்டர்.) விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே விசாரணையின் முடிவு.

இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச், அதாவது வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓடுபாதையை நோக்கி இறங்கும் முறையைப் படிக்கப்போனால், மாதக்கணக்கில் உங்கள் தலையில் ஏற்றுவது இந்த ஒரு விஷயத்தைத்தான். உயரம் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரைக்கும் இந்த உயரம், அவ்வளவுதான்.

முதலில், கருவிகளை ஏன் நம்ப வேண்டும்? பனிமூட்டத்துக்குள் நம் உடம்பு பொய் சொல்லும். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், தலை திரும்பும்போது பின்தங்கி, அந்த வித்தியாசத்தால் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. ஒரே வேகத்தில் ஏறக்குறைய 20 விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் அதே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் விமானம் சாய்ந்து சுற்றினாலும் நேராகப் போவதாகத்தான் தோன்றும். அதை நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும், கை தானாக மறுபடி சாய்க்கும். 1954இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்பில் பயிற்சியில்லாத 20 பேரை வெளியே தெரியாத நிலையில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். இது முடியாத காரியமும் இல்லை. 1929 செப்டம்பர் 24 அன்றே ஜிம்மி டூலிட்டில் மூடிய இருக்கைக்குள் உட்கார்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து நியூயோர்க் அருகே மேலெழுந்து, சுற்றி வந்து, இறங்கிக் காட்டிவிட்டார்.

சரி, சார்ட்டுக்கு, அதாவது இப்படி இறங்கும் வழியை அச்சிட்ட தாளுக்கு வருவோம். விமானிகள் பிளேட் என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாள் 1930களில் எல்ரி ஜெப்பசன் என்ற தபால் விமானியின் குறிப்புப் புத்தகத்தில் தொடங்கியது. ஓடுபாதை நீளம், பக்கத்து மலையின் உயரம், விவசாயியின் தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்துக்கொள்வார். மற்ற விமானிகள் கேட்கவே, பத்து டொலருக்கு விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு அந்தத் தாளில் நான்கு பகுதிகள். உச்சியில் அலைவரிசை, திசை, முக்கிய உயரங்கள். அதன்கீழ் மேலிருந்து பார்த்தால் தெரிகிற வரைபடம். அதற்கும் கீழே பக்கவாட்டில் பார்த்தால் படிபோல இறங்கும் கோடு. அடியில் எந்த உயரம் வரை இறங்கலாம் என்ற அட்டவணை.

புதிதாகப் படிக்கிறவர் கண் நேரே வரைபடத்துக்குப் போகும், பார்க்க அழகாக இருப்பது அதுதானே. பக்கவாட்டுக் கோட்டில்தான் நேரம் செலவழிக்க வேண்டும் என்பேன். ஒரு கற்பனை உதாரணம். ஓடுபாதையிலிருந்து 14 மைலில் 4,000 என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறது. 8 மைலில் 2,500, அதற்கும் அடிக்கோடு. 5 மைலில் 1,600. எண்ணுக்குக் கீழே கோடு இருந்தால் அதற்குக் குறையக்கூடாது, மேலே கோடு இருந்தால் தாண்டக்கூடாது, இரண்டும் இருந்தால் சரியாக அதே உயரம். அதாவது 14 மைல் புள்ளியைத் தாண்டும் வரை 3,999 அடிகூட உங்களுக்குச் சொந்தமில்லை. தாண்டிய மறுநொடி 2,500 வரை போகலாம்.

அந்த எண்கள் வந்த விதம் சுவாரசியமானது. சார்ட்டை வடிவமைப்பவர் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அகலமாக ஒரு பாதையை வரைந்து, அதற்குள் இருக்கும் மிக உயரமான மலை, கோபுரம், மரம் எல்லாவற்றையும் எடுத்து, அதன்மேல் ஓர் இடைவெளியைச் சேர்ப்பார். தொடக்கப் பகுதியில் 300 மீட்டர், நடுப்பகுதியில் 150, கடைசிப் பகுதியில் வெறும் 75 மீட்டர். கிட்ட வரவர இடைவெளி குறைவது விநோதமாகத் தெரியலாம். ஆனால் கிட்ட வரும்போது நீங்கள் கோட்டின்மேல் இருப்பது கூடுதல் துல்லியமாகத் தெரியும், வேகமும் குறைந்திருக்கும், பாதையையும் ஒடுக்கலாம். ஆக, அந்த 75 மீட்டர் கோட்டின்மேல் இருப்பவருக்கு மட்டும் கொடுத்த உத்தரவாதம். பாதைக்கு வெளியே நிற்கும் மலையை வடிவமைப்பாளர் கணக்கில் எடுக்கவே இல்லை, எடுக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. சார்ட்டின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, திசைவாரியாகக் குறைந்தபட்ச உயரம் எழுதியிருப்பார்கள். அதுவும் 25 மைல் வரைக்கும்தான்.

ஹட்டன் ரோட்டில் மிஸ்ட்டுக்குள் ஒருவர் "அடுத்த வளைவில் இடப்பக்கம் திரும்புங்க" என்று போனில் சொன்னால், வழி சரிதான், நீங்கள் எந்த வளைவில் நிற்கிறீர்கள் என்பது இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தெரிந்திருந்தால்.

விமானிகள் மனதுக்குள் போடும் எளிய கணக்கு ஒன்று உண்டு. வழக்கமான இறக்கம் 3 பாகை. அது மைலுக்குக் கிட்டத்தட்ட 318 அடி. ஆகவே தூரத்தை மூன்றால் பெருக்கி, நூற்றடிக் கணக்கில் வாசித்தால் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 10 மைலில் 3,000 அடி. 40 மைலில் 12,000 அடி. 1974இல் மோதிய இடம் 40 மைலில், உயரம் 4,355 அடி. அந்த உயரம் ஓடுபாதைக்கு 14 மைல் அருகே வந்த விமானத்துக்கு உரியது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு ஏழு கன்னியர் மலையை என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

இடத்தை எப்படித் தவறவிட முடியும்? அந்த விமானத்தில் டொப்ளர் கருவி இருந்தது, வானிலை ரேடார் இருந்தது. இடத்தைக் கணிக்க இவ்விரண்டையும் நம்பியது ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. டொப்ளர் கருவி கீழ்நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தை அளக்கும். வேகத்தை நேரத்தோடு கூட்டிக் கூட்டி "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்று சொல்லும். சின்னப் பிழையும் கூட்டிக்கொண்டே போகும். அதிலும் கடலுக்கு மேலே அலையைத் திருப்பி அனுப்பும் பரப்பே நகர்கிறது. சுராபாயாவிலிருந்து இலங்கைக்கு வரும் வழியில் பெரும்பகுதி கடல். இதற்கு மாறாக டிஎம்இ என்ற கருவி தரையில் உள்ள நிலையத்திடம் கேள்வி அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளந்து தூரம் சொல்லும். ஒவ்வொரு தடவையும் புதிதாக அளப்பதால் பிழை சேராது. ஒரு சின்னக் குறை: அது சாய்வுத் தூரம். நிலையத்துக்கு நேர் மேலே 6,000 அடியில் இருந்தாலும் 1 மைல் என்றுதான் காட்டும்.

இந்த விபத்துக்கு மூன்று நாள் முன்னால், 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்து வேர்ஜினியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் விமானிகளுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். ஓடுபாதைக்கு 44 மைல் தள்ளி இருக்கும்போது "அப்ரோச்சுக்கு அனுமதி" என்று கட்டுப்பாட்டு அறை சொன்னது. சார்ட்டின் பக்கவாட்டுக் கோடு ரவுண்ட் ஹில் என்ற புள்ளியில் தொடங்கி 1,800 அடி என்று காட்டியது. மேலே உள்ள வரைபடத்தில், அந்தப் புள்ளிக்கு வரும் பாதையில் 3,400 என்று இருந்தது. இந்தத் தாள் 3,400 என்கிறதே என்று கப்டன் சொன்னதுகூட ஒலிப்பதிவில் இருக்கிறது. பேசினார்கள், அனுமதி தந்துவிட்டார்கள் என்றால் இறங்கலாம் என்று முடிவெடுத்தார்கள், 1,800க்கு இறங்கினார்கள். கட்டுப்பாட்டு அறையோ, உயரத்தைப் பார்த்துக்கொள்வது விமானியின் வேலை என்று நினைத்திருந்தது. 1,800 என்ற எண்ணில் தப்பில்லை, அது தொடங்கும் புள்ளிக்கு முன்னாலேயே அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் விதி தெளிவாக்கப்பட்டது: அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்தாலும், சார்ட்டில் அச்சிட்ட பாதையின்மேல் வந்து சேரும்வரை கடைசியாகக் கொடுத்த உயரத்தை விடக்கூடாது.

ஐஎல்எஸ், அதாவது ஓடுபாதையின் நடுக்கோட்டையும் இறக்கக் கோணத்தையும் ரேடியோ அலையால் காட்டும் அமைப்பு, இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் நினைப்பார்கள். பாதிதான் சரி. ஓடுபாதையின் கோடியில் உள்ள அன்டெனா, ஒரே அலைவரிசையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை அனுப்பும். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் நின்றால் 90 ஓங்கும், வலப்பக்கம் நின்றால் 150 ஓங்கும், நடுவில் இரண்டும் சமம். விமானத்தில் உள்ள முள் அந்த வித்தியாசத்தை மட்டும் காட்டுகிறது. இறக்கக் கோணத்துக்கும் இதே தந்திரம்தான், மேலே 90, கீழே 150. முள் இரண்டும் நடுவில் நின்றால் நீங்கள் கோட்டின்மேல் இருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கோட்டில் எங்கே என்று முள் சொல்லாது. போதாததற்கு 3 பாகைக் கோட்டுக்கு மேலே, 9 பாகை அளவில், ஒரு பொய்க் கோடும் உருவாகும். அதைப் பிடித்தாலும் முள் நடுவில் நிற்கும். அதனால்தான் கோணத்தைக் கீழிருந்து பிடி என்பார்கள், அதனால்தான் குறிப்பிட்ட தூரத்தில் உயரத்தைச் சரிபார்க்கும்படி சார்ட்டில் ஓர் எண் இருக்கிறது. இரத்மலானையோ வேறெங்கோ, எந்தப் பயிற்றுநரும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் கடக்க விடமாட்டார். "ஐந்து மைல், ஆயிரத்து அறுநூறு, சரி சேர்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

கட்டுநாயக்கவிலேயே ஐஎல்எஸ் வழியாக இறங்க வந்த ஒரு விமானம், 1978 நவம்பர் 15 அன்று, ஓடுபாதைக்கு முன்னால் தென்னந்தோப்பில் விழுந்து 183 பேர் இறந்தார்கள். அதுவும் ஹஜ் யாத்திரிகர் விமானம், அதுவும் டிசி-8, ஐஸ்லாந்து நிறுவனத்துடையது. விமானிகள் அப்ரோச் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று இலங்கை விசாரணை சொன்னது, ஐஸ்லாந்துத் தரப்பு ஐஎல்எஸ் கருவியைக் குறை சொன்னது.

டிடபிள்யூஏ விபத்துக்குப் பிறகு அமெரிக்கா பெரிய விமானங்களுக்குத் தரை நெருங்கும் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் அது கீழே மட்டும்தான் பார்த்தது, முன்னால் செங்குத்தாக எழும் மலையைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். டொன் பேட்மன் என்ற பொறியியலாளர் 1990களில், சோவியத் யூனியன் உடைந்த பிறகு கிடைத்த நிலவரைபடங்களையும் வாங்கிச் சேர்த்து, உலக மலைகளின் உயரத்தையெல்லாம் கருவிக்குள் ஏற்றிவிட்டார். விமானம் எங்கே என்று தெரிந்தால் முன்னால் என்ன மலை என்று அது சொல்லும்.

இனி நம்ம பக்கத்துக் கேள்வி. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் வருகிறதே, ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் மிஸ்ட் விழுந்தாலும் இறங்கும்படி ஒரு அப்ரோச் போட முடியாதா? மலைகளுக்கு நடுவே வளைந்து வரும் பாதைகளை ஜிபிஎஸ் வைத்து வரைய முடியும். அலாஸ்கா எயர்லைன்ஸ் ஜூனோ நகரில் 1996இலேயே செய்தது, காத்மண்டுவிலும் இருக்கிறது. உள்ளே வருவது பெரிய பிரச்சினை இல்லை. வெளியே போவதுதான்.

ஒவ்வொரு அப்ரோச்சுக்கும் ஓடுபாதை தெரியாவிட்டால் மேலேறிப் போகும் வழி ஒன்றும் வரையப்பட வேண்டும். அதற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமான ஏற்றம் 2.5 சதவீதம், மைலுக்கு 152 அடி. தண்ணீரிலிருந்து 3 மைல் தள்ளி, தண்ணீர் மட்டத்துக்கு 2,000 அடி மேலே ஒரு மலைமுகடு நிற்பதாக வையுங்கள். மூன்று மைலில் நீங்கள் ஏறுவது 456 அடி. முகட்டுக்கு மேலே கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். ஆக, தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய 1,700 அடியிலேயே "தெரிகிறதா, இல்லையா" என்று முடிவெடுத்தாக வேண்டும். நல்ல ஐஎல்எஸ் உள்ள சமதள ஓடுபாதையில் அந்த முடிவை 200 அடியில் எடுக்கலாம். காலையில் காசல்ரீயில் மிஸ்ட் தண்ணீரை ஒட்டியே கிடக்கும், 1,700 அடியில் நின்று பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. எஞ்சின் பலத்தைக் கூட்டி ஏற்றத்தைச் செங்குத்தாக்கினால் அந்த 1,700ஐக் குறைக்கலாம்தான், ஆனால் அந்த விமானத்துக்கு எஞ்சின் ஒன்றே ஒன்று. அதனால் அது கண்ணுக்குத் தெரிகிற நாளில் மட்டும் வருகிறது, மற்ற நாளில் பயணிகளுக்கு ரோட்டில் ஓடும் வான் வண்டிதான்.