பாடி இமேஜ்: பிம்பமா, படிமமா?

தன் தோற்றத்தை நினைத்துப் பதறுவதை ஆங்கிலத்தில் 'பாடி இமேஜ் ஆங்சைட்டி' என்கிறார்கள், இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதல் பாதியான 'பாடி இமேஜ்' என்பதை 'உடல் பிம்பம்' என்று எழுதுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். எனக்கு அதில் ஒரு நெருடல். பிம்பம் என்றதும் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது, ஆனால் இந்தச் சொல் குறிப்பது கண்ணாடியில் தெரிவதை அல்ல. என் உடம்பு இப்படித்தான் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேனே, அதை. பவுல் ஷில்டர் என்ற ஆஸ்திரிய மனநல மருத்துவர் 1935ல் வந்த தன் நூலில் இதை இந்தப் பொருளில்தான் விளக்கினார். 'இமேஜ்' லத்தீன் 'இமாகோ'விலிருந்து வந்தது, சாயல், உருவம் என்று பொருள். நம்மிடம் 'படிமம்' இருக்கிறது: பழைய பொருள் சிலை, கவிதை பற்றிப் பேசுகிறவர்கள் மனக்காட்சிக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே உடற்படிமம் என்பதே என் ஓட்டு.

சரி, இதில் பதற்றம் எங்கே வருகிறது? ஒரு நோயின் பேரிலேயே வந்திருக்கிறது. தோற்றத்தில் இல்லாத குறையையோ கண்ணுக்கே படாத சின்னக் குறையையோ நினைத்து நினைத்து மருகும் நோய்க்கு 1891ல் இத்தாலிய மருத்துவர் என்றிகோ மோர்செல்லி வைத்த பெயர் 'டிஸ்மார்போபோபியா'. கிரேக்கத்தில் 'போபோஸ்' என்றால் அச்சம். விகாரமாகிவிட்டோமோ, ஆகிவிடுவோமோ என்ற அச்சம்.

'ஆங்சைட்டி'யைக் கவலை என்பதா, பதற்றம் என்பதா என்பது இன்னொரு வழக்கு. அதன் லத்தீன் வேருக்கு நெரித்தல், இறுக்குதல் என்று பொருள். தொண்டை அடைப்பதையும் நெஞ்சு படபடப்பதையும் சொல்ல 'பதற்றம்' பொருந்துகிறது, ஈழத்தில் 'பதகளிப்பு' என்றும் சொல்வார்கள், அருமையான சொல். ஆனால் 'கவலை'யையும் தூக்கி எறிய மனமில்லை, ஏனென்றால் சங்கப் பாடல்களில் அதற்குக் கிளை பிரியும் வழி என்ற பொருளும் உண்டு, பருவோ முடி கொட்டுவதோ தொப்பையோ எதையாவது பிடித்துக்கொண்டு, 'கவனிப்பார்களா மாட்டார்களா, போகலாமா வேண்டாமா' என்று வாசலிலேயே நிற்கிறவரின் நிலைமை அப்படியே அதுதானே (இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றா என்பது வேறு கதை).

படிமம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பதற்றம் ஏறும்போது கவனம் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு நம் பக்கமே திரும்பிவிடும், அடுத்தவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று உள்ளே ஒரு படம் ஓடும், அதையே நிஜம் என்று நம்புவோம். உடனே கண்ணாடி, செல்ஃபி, சட்டையை இழுத்துவிடுதல். ஒரு நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் சந்தேகம். கண்ணாடியில் தெரியும் பிம்பம்தான் பிரச்சினை என்றால் பத்தாவது முறை பார்த்ததிலேயே தீர்ந்திருக்க வேண்டுமே.