எந்த டெஸ்ட்டைத் தூக்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் நம்மவர் மளிகைக் கடையில் அரிசி, மைசூர் பருப்பு, பிரவுன் பிரெட் வாங்கினால் வாட் வரி கிடையாது. வெள்ளை பிரெட்டுக்கு 15 சதவீதம். 2018 மார்ச் 31 வரை அது 14 ஆக இருந்தது. 2019 ஏப்ரலில் கேக் மாவும் வரியில்லாப் பட்டியலில் சேர்ந்தது. 2025 மே 1 முதல் 15.5 என்று அறிவித்துவிட்டு, ஒரு வாரம் இருக்கும்போது அரசு கைவிட்டது.

விதி மாறும் ஒவ்வொரு முறையும் பில்லிங் சாஃப்ட்வேருக்குப் புதிய டெஸ்ட்டுகள் (அது சரியான விடை தருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சின்ன புரோகிராம்கள்) எழுதுவார்கள். பழையதை யாரும் நீக்க மாட்டார்கள். சில வருடங்களில், கோடில் (புரோகிராமின் எழுத்தில்) ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு, எல்லா டெஸ்ட்டும் ஓடி முடிய மணிக்கணக்கில் காத்திருக்கும் நிலை வந்துவிடும். பொறுமை இழந்தவர்கள் டெஸ்ட்டே ஓட்டாமல் வெளியிடத் தொடங்குவார்கள். ஆகவே குறைத்தே ஆக வேண்டும். எதைக் குறைப்பது என்பதில்தான் சிக்கல்.

வழக்கமான அளவுகோல் கவரேஜ். ஒவ்வொரு டெஸ்ட்டும் கோடில் எந்தெந்த வரிகளைத் தொடுகிறது என்று குறித்துக்கொண்டு, எல்லா வரிகளையும் தொடும் சிறிய தொகுப்பைத் தேடுவார்கள். ஆகச் சிறியதைக் கண்டுபிடிப்பது கணினிக்கே கடினம். கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் 1972-இல் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளில் இதன் மூல வடிவமும் ஒன்று. நடைமுறையில் குறுக்குவழி போதும்: அதிக வரிகளைத் தொடும் டெஸ்ட்டை முதலில் எடுத்து, மிச்சத்தில் அதிகம் தொடுவதை அடுத்து எடுத்துக்கொண்டே போகலாம்.

ஆனால் ஒரு வரியைத் தொடுவது வேறு, அதிலுள்ள பிழையைப் பிடிப்பது வேறு. கோடில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: தேதி 2018 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு என்றால் வாட் 15 சதவீதம், இல்லாவிட்டால் 14. இதற்கு மூன்று டெஸ்ட்டுகள்: மார்ச் 20 பில், ஏப்ரல் 10 பில், ஏப்ரல் 1 பில். முதல் இரண்டே இரு பாதைகளையும் தொட்டுவிடுகின்றன. கவரேஜ் கணக்கில் மூன்றாவது வீண், தூக்கிவிடலாம். பிறகு யாரோ கைவைத்ததில் ‘ஏப்ரல் 1-க்குப் பிறகு’ என்று மட்டும் நின்றுவிட்டால்? ஏப்ரல் 1 அன்று 100 ராண்ட் சரக்குக்கு 115-க்குப் பதில் 114 ராண்ட் பில் வரும். மிஞ்சிய இரண்டு டெஸ்ட்டும் பச்சைதான் காட்டும், எல்லாம் சரி என்று.

டெஸ்ட்டுகளைக் குறைப்பதால் பிழை பிடிக்கும் திறனில் வரும் இந்த இழப்பு எவ்வளவு பெரிது? 1995-இல் வோங் குழுவினரின் ஆய்வில் அது சொற்பம். 1998-இல் ராதர்மெல் குழுவினர் சிறிய சி மொழி புரோகிராம்களில் சோதித்தபோது கணிசமான இழப்பைக் கண்டார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எந்த புரோகிராம், எப்படி எழுதப்பட்ட தொகுப்பு, எந்த மாதிரிப் பிழை என்பதைப் பொறுத்து விடை மாறும். உங்கள் தொகுப்பில் என்ன நடக்கும் என்பதை நீங்களேதான் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்க வழி இருக்கிறது: மியூட்டேஷன் டெஸ்டிங். டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978-இல் விளக்கிய யோசனை அது. கோடில் வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழையை நுழைப்பது: கூட்டலைக் கழித்தலாக்குவது, ‘அல்லது சமம்’ என்பதை எடுத்துவிடுவது. பிறகு எந்த டெஸ்ட் விழுகிறது (தவறு என்று காட்டுகிறது) என்று பார்ப்பது. இப்படி நூற்றுக்கணக்கில் பிழைகளைச் செய்து, எந்தப் பிழையை எந்த டெஸ்ட் பிடித்தது என்று அட்டவணை போடலாம். முன்பு சொன்ன அதே குறுக்குவழியை, வரிகளுக்குப் பதில் இந்தப் பிழைகளை வைத்து நடத்தினால், ஏப்ரல் 1 டெஸ்ட் தப்பித்துவிடும். அந்தப் பிழையைப் பிடிப்பது அது ஒன்றுதான்.

செலவு இருக்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் டெஸ்ட்டுகளை மறுபடி ஓட்ட வேண்டும். நுழைத்த மாற்றங்களில் சில, விடையைத் துளியும் மாற்றாதவையாக அமைந்துவிடும். எந்த டெஸ்ட்டாலும் பிடிபடாத அவற்றை ஆள் உட்கார்ந்துதான் ஒதுக்க வேண்டும். ஆனால் இதைத் தினமும் செய்யத் தேவையில்லை. எப்போதாவது தொகுப்பைச் சீர்செய்யும்போது செய்தால் போதும்.

அப்போதும் நான் எதையும் அடியோடு அழிக்கச் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் புகாரிலிருந்து பிறந்த டெஸ்ட்டில் கையே வைக்கக் கூடாது. நாம் கற்பனை செய்யாத பிழை என்பதால்தான் அது வெளியே போய் வெடித்தது. மற்றவற்றில் கழித்ததை இரவு ஓட்டத்துக்குத் தள்ளலாம். பகலில் சிறிய தொகுப்பு, இரவில் முழுத் தொகுப்பு. பகலில் எல்லாம் தேறி இரவில் ஒன்று விழுந்தால், அந்த டெஸ்ட்டை மறுநாளே பகல் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும்.