சிம்மக்கல் டிராபிக்ல கொதிக்கிற அம்பாசிடரும் ஒரு குட்டி சுவிட்சும்

எங்க அப்பா வாங்குன அம்பாசிடர் இன்னும் எங்க வீட்டுலதான் நிக்குது, திண்டுக்கல் ரோட்டுல எவ்வளவு வெரட்டுனாலும் டெம்பரேச்சர் முள்ளு அசையாது, ஆனா மே மாசம் மத்தியானம் மதுரை சிம்மக்கல் டிராபிக்ல அஞ்சு நிமிஷம் நின்னா போதும், கிடுகிடுன்னு ஏறிரும். ஓடுறப்ப சூடாகாத வண்டி நிக்கிறப்ப ஏன் சூடாகுது?

காரணம் ஃபேன்தான். ஓடுறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திரும், ஃபேனே வேண்டாம். நிக்கிறப்பதான் ஃபேன் வேணும். ஆனா பழைய வண்டில ஃபேன் வாட்டர் பம்போட சேந்து இன்ஜின் பெல்ட்டுல சுத்துது, இன்ஜின் ஸ்லோல ஓடுனா அதுவும் ஸ்லோதான். வேண்டாத நேரத்துல பேய் மாதிரி சுத்தி இன்ஜினோட சக்திய திங்கும், வேணுங்கிற நேரத்துல ஓஞ்சு போயிரும்.

அதனாலதான் 12 வோல்ட் எலக்ட்ரிக் ஃபேன் போடுறாங்க. அத எப்ப போடணும் எப்ப நிப்பாட்டணும்னு முடிவு பண்றது ஒரு சின்ன சுவிட்ச், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான். உள்ள காசு மாதிரி ஒரு தகடு, ரெண்டு வேற வேற உலோகத்த ஒட்டி லேசா குழிவா அமுக்கி வச்சிருப்பாங்க. சூட்டுல ஒண்ணு அதிகமா விரியும், இன்னொண்ணு கம்மியா, ஒரு அளவு தாண்டுனதும் தகடு டக்குனு மறுபக்கம் புரண்டு கான்டாக்ட்ட சேத்துரும். இஸ்திரிப் பெட்டி தானா ஆஃப் ஆகுறதும் இதே மாதிரி ரெட்டை உலோகத்தாலதான்.

நான் வாங்குனதுல 92-87னு பொறிச்சிருந்துச்சு, அதாவது 92 டிகிரில ஆன், 87ல ஆஃப். வீட்டுல ஒரு சட்டில தண்ணி வச்சு, திருகு பக்கம் மட்டும் முங்குற மாதிரி கம்பில கட்டித் தொங்கவிட்டு, பேட்டரியும் டெஸ்ட் லாம்பும் கோத்து அடுப்பப் பத்த வச்சேன். தெர்மாமீட்டர் 91 காட்டுறப்ப உள்ள டிக்குனு ஒரு சத்தம், லாம்ப் எரிஞ்சிருச்சு. அடுப்ப அமத்துனேன், 90, 89, இன்னும் எரியுது, 86 வந்தப்பதான் அணைஞ்சுச்சு. இந்த அஞ்சு டிகிரி இடைவெளி வேணும்னே வைக்கிறது, இல்லைன்னா ஃபேன் நிமிஷத்துக்குப் பத்து தடவ ஆன் ஆஃப் ஆகி கான்டாக்ட் கருகிப்போகும்.

எந்த சுவிட்ச் வாங்குறதுங்கிறதுலயும் கணக்கு இருக்கு. இன்ஜின் சூடானப்புறம் தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற தெர்மோஸ்டாட் வால்வு 82ல திறக்கும்னா, இன்ஜின்ல இருந்து ரேடியேட்டருக்குப் போற மேல் ஓஸ்ல மாட்டுற சுவிட்ச் அதுக்கு மேலதான் இருக்கணும், 80ல ஆன் ஆகுறதப் போட்டா ஃபேன் நிக்கவே நிக்காது. ஓஸ வெட்டி நடுவுல அலுமினிய பைப் சொருகி அதுல சுவிட்ச மாட்டுறவங்க ஒண்ணு மறந்துருவாங்க, ரெண்டு பக்கமும் ரப்பர்தான், பைப்புக்கு எர்த் கிடையாது, அதாவது கரண்ட் வண்டி பாடிக்குத் திரும்ப வழியே இல்ல. ஒரே டெர்மினல் உள்ள சுவிட்சுன்னா பைப்புல இருந்து பாடிக்குத் தனியா ஒயர் இழுக்கணும்.

ரிலே, அதாவது சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச், கண்டிப்பா வேணும். ஃபேன் பத்துப் பதினஞ்சு ஆம்பியர் இழுக்கும், கிளம்புறப்ப இன்னும் ஜாஸ்தி. முதல்ல ரிலே இல்லாம நேரா மாட்டிட்டோம், ரெண்டாவது நாளே ஒயர் இளகி நாத்தம் வந்துருச்சு. ரிலே போட்டா சுவிட்ச் வழியா ஒரு ஆம்பியர்ல கால் பங்குகூட போகாது, பெரிய கரண்ட் பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா நேரா ஃபேனுக்குப் போயிரும். டைனமோ வண்டின்னா முதல்ல ஆல்டர்நேட்டர் மாத்துங்க, ஏன்னா ஃபேன் ஓடுறதே இன்ஜின் ஸ்லோல இருக்கிறப்பதான், அந்த நேரத்துல டைனமோ அனேகமா ஒண்ணுமே தராது.

இன்னொண்ணு, சுவிட்ச் தண்ணில முங்கியிருந்தாதான் சூடு அதுக்குத் தெரியும். தண்ணி கசிஞ்சு கொறைஞ்சா, இல்ல காத்து அடைச்சுக்கிட்டா, இன்ஜின் எரிஞ்சாலும் ஃபேன் சும்மாவே நிக்கும். அதனால காலைல இன்ஜின் ஆறியிருக்கிறப்ப மூடியத் திறந்து தண்ணியப் பாத்துட்டுதான் நான் சாவியப் போடுவேன்.