மேற்கத்திய இசை வரலாறு: எந்தப் புத்தகம் வாங்குவது?

மேற்கத்திய இசைத் தேர்வில் கிரேடு 8 முடித்துவிட்டு டிப்ளமோவைப் பற்றி யோசிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், அண்ணா நகரிலிருந்து வந்தாலும் பெரம்பூரிலிருந்து வந்தாலும், என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “சார், ஹிஸ்டரிக்கு எந்த புக் வாங்கணும்?” பெரும்பாலும் கையில் ஏற்கெனவே ஒரு கைடு இருக்கும். மெல்லிசாக, கேள்வி பதிலாக, முழுக்கத் தேதிகளும் பெயர்களும்.

அந்தக் கைடைப் படித்த பிள்ளையிடம் 1685 என்று சொன்னால் போதும். பாக், ஹாண்டெல், டொமெனிகோ ஸ்கார்லாட்டி மூவரும் பிறந்த வருடம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். மூவரின் கீபோர்டு உருப்படிகளையும் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டினால் எது யாருடையது என்று விழிக்கும். இதில் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. கர்னாடக சங்கீதம் கோயிலிலும் சபாவிலும் பக்கத்து வீட்டிலும் காதில் விழுந்துகொண்டே இருப்பதால், தோடியா கல்யாணியா என்று காது தானே பிடித்துக்கொள்கிறது. மேற்கத்திய இசையில் அந்தக் கேள்வி ஞானம் நம் ஊரில் சும்மா வந்து சேராது. அதனால் ஸ்கோரும் (இசையை எழுதிக் காட்டும் குறிப்பு) ஒலிப்பதிவும் துணைக்கு வராத வரலாற்றுப் புத்தகத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நேராக பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியான ‘எரோய்க்கா’வுக்குப் போங்கள். நெப்போலியன் தன்னைப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்டதும் பீத்தோவனுக்கு வந்த கோபம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது கிடக்கட்டும். முதல் மூவ்மெண்டின், அதாவது முதல் பகுதியின், தொடக்கத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பலமான கார்டுகள், அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவை. அப்புறம் செல்லோ, இ ஃபிளாட் மேஜர் கார்டின் சுரங்களிலேயே மெட்டைத் தொடங்கி, ஏழாவது பாரில் (தாளக் கட்டத்தில்) அந்த ஸ்கேலில் இல்லாத சி ஷார்ப்பில் போய் நிற்கிறது. அங்கிருந்து மேலே டி சுரத்துக்கு ஏறிச் சமாளித்துவிடுகிறது. ஆனால் மூவ்மெண்டின் பிற்பகுதியில் மெட்டு திரும்பி வரும்போது அதே சுரம் கீழே சி-க்கு இறங்குகிறது, ஹார்ன் எஃப் மேஜரில் மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. இப்படி ஒரு இடத்தையாவது ஸ்கோரில் காட்டி, காதால் கேட்க வைக்கிறதா? அப்படியானால் வாங்கலாம். கோபக் கதையோடு நிறுத்திக்கொண்டால் வைத்துவிடுங்கள்.

இன்னொரு இடம், பரோக் என்ற இசைக் காலக்கட்டம் முடியும் பக்கங்கள். பரோக் 1600-இல் தொடங்கி 1750-இல் முடிந்தது, அந்த வருடம் பாக் இறந்தார் என்று கோடு போட்டு முடிப்பது சுலபம். 1733-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாக் தன் பி மைனர் மாஸ் என்ற தேவாலய வழிபாட்டு இசையின் முதல் இரண்டு பகுதிகளை டிரெஸ்டன் அரசவைக்குக் கொடுத்த வருடம் அது. அதே வருடம் நேபிள்ஸில் பெர்கோலேசியின் ‘லா செர்வா பத்ரோனா’ மேடையேறியது. வேலைக்காரி எஜமானனை மடக்கிக் கல்யாணம் செய்துகொள்ளும் அந்தச் சின்ன நகைச்சுவை ஓபராவின் எளிய மெட்டும் லேசான துணையிசையும் அடுத்த தலைமுறையின் பாணி. பாக் அதற்குப் பிறகும் 17 வருடம் இருந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைக்கும் புத்தகம் காலக்கட்டம் என்பது பின்னால் வந்தவர்கள் போட்ட கோடு என்பதைச் சொல்லாமலே புரிய வைத்துவிடும்.

சரி, பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். கல்லூரிகளில் நெடுங்காலமாகப் புழங்குவது டொனால்ட் கிரவுட் எழுதி 1960-இல் நார்ட்டன் பதிப்பகம் வெளியிட்ட மேற்கத்திய இசை வரலாறு. பிறகு பலிஸ்காவும், அவருக்கு அப்புறம் பர்க்ஹோல்டரும் திருத்தி எழுதியிருக்கிறார்கள். முதல் புத்தகமாக இதைத்தான் சொல்வேன். ஹில்டெகார்ட், பார்பரா ஸ்ட்ரோஸி போன்ற பெண் இசையமைப்பாளர்களுக்கு ஓரளவாவது இடம் வேண்டுமென்றால் பர்க்ஹோல்டர் கை வைத்த பதிப்பாகப் பாருங்கள். டாரஸ்கின் 2005-இல் வெளியிட்ட ஆக்ஸ்போர்டு வரலாறு 4,000 பக்கத்துக்கு மேல். அபாரமான எழுத்து, வம்புக்கு இழுக்கும் எழுத்தும்கூட. யாரோடு சண்டை போடுகிறார் என்று தெரியாமல் அதைப் படித்தால் பாதிதான் ஏறும். இரண்டாவது, மூன்றாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கினால் பர்ஸ் கனம் குறையும் என்பதால் பலர் பழைய பிரதி தேடுகிறார்கள். தாராளமாக வாங்கலாம், ஒரு பதிப்பு பழையதானால் மோசார்ட் மாறிவிடப் போவதில்லை. ஆனால் கிரவுட் வரிசைக்கு மூன்று தொகுதிகளாகத் தனி ஸ்கோர் திரட்டு உண்டு. பாடத்தில் “இத்தனாவது உருப்படியைப் பார்க்க” என்று எண் போட்டிருப்பார்கள், அந்த எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாடம் ஒரு பதிப்பு, திரட்டு வேறு பதிப்பு என்று வாங்கிவிட்டு, மாட்ரிகல் என்ற பாட்டு வகையைத் தேடிப் போய் மோட்டெட் என்ற வேறு வகையில் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அட்டையில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பாடம் மட்டும்தான் கிடைத்தது என்றால் பரவாயில்லை. 2006 முதல் இயங்கும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் பழைய இசையின் ஸ்கோர்கள் இலவசம். இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால்தான் கை கடிக்கும். இந்தியாவில் இசையமைப்பாளர் இறந்து 60 வருடம் வரை காப்புரிமை உண்டு. 1945-இல் இறந்த பார்டோக்கை இங்கே இறக்கிக்கொள்ளலாம். 1971-இல் இறந்த ஸ்ட்ராவின்ஸ்கி 2032 வரை காத்திருக்க வேண்டும், அதுவரை அந்த ஸ்கோர்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.