கண் முகாம் நோட்டீஸில் தேதி எங்கே?

இலவச கண் சிகிச்சை முகாம் நோட்டீஸ் வேலை வரும்போதெல்லாம் கையால் எழுதிய தாளோடு ஒரு வேண்டுகோளும் சேர்ந்து வரும்: "எல்லாமே நல்லா பெருசா தெரியணும் சார்." டிசைன் செய்பவரும் சரி, செய்யக் கொடுப்பவரும் சரி, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரே தாளில் எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் தனியாகத் தெரியாது. அதுவும் இந்தத் தாளைப் படிக்கப் போகிறவர் கண்ணில் புரை விழுந்த ஒரு பெரியவர்.

அவருக்குத் தெரிய வேண்டியது என்ன முகாம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே என்பதுதான். அடுத்து, கையில் என்ன கொண்டுபோவது: ஆதார் நகல், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. நடத்துபவர்கள் விவரம் அதற்கும் பிறகு. ஆனால் வழக்கமான நோட்டீஸில் மேல்பாதி முழுக்கத் தலைமை, முன்னிலை, வரவேற்புரை என்று பெயர்கள் நிறைந்திருக்கும். தேதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பெயர்ப் பிரச்சினையை எந்த டிசைன் வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. நம் ஊரில் எழுத்தின் அளவை மரியாதையின் அளவாகவும் பார்க்கிறார்கள். தலைவர் பெயர் 20 பாயிண்ட் என்றால் செயலாளர் பெயர் 18-க்குக் குறையக் கூடாது. பொருளாளர் மட்டும் சும்மா இருப்பாரா? எனக்கு இங்கே கைகொடுப்பது கிரிட், அதாவது தாளை அளவாகப் பிரிக்கும் கட்ட அமைப்பு. தாளின் அடியில் ஒரு பட்டையை ஒதுக்கி, மூன்று சமமான கட்டங்களாகப் பிரித்து, எல்லாப் பெயர்களையும் ஒரே எழுத்துருவில் ஒரே அளவில் வைத்துவிடுவேன். வரிசை மட்டும் அவர்கள் சொன்னபடி. 'உங்கள் பெயரைச் சின்னதாக்குகிறேன்' என்றால் சண்டை வரும். 'எல்லோருக்கும் ஒரே அளவு' என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

கிரிட் போடுவது பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இருபுறமும் 15 மி.மீ. ஓரம் விட்டால் மீதி 180. அதை 25 மி.மீ. அகலமுள்ள ஆறு பத்திகளாகப் பிரித்து, நடுநடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டால் கணக்கு சரியாக வரும். இடப்பக்கம் இரண்டு பத்தி அகலத்தில் 'தேதி', 'நேரம்', 'இடம்' என்ற சிறு தலைப்புகள்; மீதி நான்கில் அவற்றின் விவரம். கண் ஒரே செங்குத்துக் கோட்டில் இறங்கி வந்தால் போதும். கல்யாணப் பத்திரிகைப் பழக்கத்தில் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கும். பார்வை மங்கியவருக்கு அடுத்த வரியைப் பிடிப்பதே பெரும்பாடு.

ஆங்கிலத்தில் தலைப்பைக் கேபிடலில் போடலாம், ஒரு சொல்லை இட்டாலிக்கில் காட்டலாம். தமிழுக்கு இரண்டும் கிடையாது. அளவு, தடிமன், இடைவெளி, தாளில் நிற்கும் இடம், இவ்வளவுதான் கையிருப்பு. இவையே தாராளம் என்பேன். சூரிச் நகரின் டோன்ஹாலே இசை அரங்குக்கு 1950களில் சுவிஸ் டிசைனர் யோசெஃப் முல்லர்-ப்ரோக்மன் போஸ்டர்கள் செய்தார். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் எல்லாமே கேபிடலில் தொடங்க வேண்டும். ஆனாலும் அந்தப் போஸ்டர்கள் பலவற்றில் அவர் கேபிடலையே தொடவில்லை. எதை முதலில் படிப்பது என்பதை அளவையும் இடத்தையும் வைத்தே காட்டிவிட்டார்.

மூன்று அளவு போதும்: தலைப்புக்கு 54 பாயிண்ட், தேதி, நேரம், இடத்துக்கு 30, மற்றதெல்லாம் 16. ஒவ்வொன்றும் அடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 16, 18, 20 என்று ஏற்றினால் வித்தியாசமே தெரியாது. பல தடிமன்களில் வரைந்த எழுத்துருவாகப் பார்த்து எடுங்கள். கேட்டமரன், முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே தடிமன் உள்ள எழுத்துருவில் போல்ட் பொத்தானை அழுத்தினால் ண, ஞ, இ இவற்றின் சுழிகள் அடைபடும். ஜெராக்ஸ் எடுத்தால் வெறும் மைத்திட்டுதான் மிஞ்சும்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தானாக வரும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். தமிழுக்கு அது பற்றாது. மேல்வரியில் உள்ள கூ, மூ-வின் வால் கீழ்வரியின் கீ, தீ-யின் சுழியில் போய் இடிக்கும். 150 வைத்துப் பாருங்கள். குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்யாதீர்கள். 'நடைபெறவிருக்கிறது' மாதிரி ஒரு சொல் வந்தால் முந்தைய வரியில் பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். அப்புறம், கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பித் தெரிந்தால் இன்டிசைனின் பாரா அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போதெல்லாம் இதே தாள் வாட்ஸ்அப்பிலும் போகிறது. ஃபோன் திரையில் ஏ4 சுருங்கும்போது 16 பாயிண்ட் எழுத்தைப் படிக்கவே முடியாது. அதற்குத் தனியாக 1080-க்கு 1350 பிக்சலில் ஒரு படம் செய்து, முகாமின் பெயர், தேதி, நேரம், இடம் மட்டும் போடுங்கள். தொடர்பு எண்ணைப் படத்துக்குக் கீழே செய்தியாகவே தட்டச்சு செய்து அனுப்புங்கள்; தொட்டவுடன் அழைப்பு போகும்.