பக்கம் திருப்பும் முன் ஒரு நிறுத்தம்

படக்கதைப் புத்தகத்தை வாசித்து முடித்த கையோடு “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். “பொய் சொல்லக் கூடாது மிஸ்” என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். கதையில் யாரும் பொய்யே சொல்லியிருக்க மாட்டார்கள். எழுத்தை மட்டும் வாசித்துப் படத்தைக் கடந்துபோனால் இப்படித்தான் ஆகும்.

‘பூனை தூங்கியது’ என்று எழுத்து சொல்லும். படத்திலோ அதன் ஒரு கண் பால் சட்டியின் மேல் இருக்கும். அந்தக் கண்ணைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். நாம் விரல் வைத்துக் காட்டிவிட்டால் போயிற்று.

புத்தகத்தைப் பிடிப்பதிலும் ஒரு கைப்பழக்கம் உண்டு. ஒரு கையால் நடுமடிப்பின் அடியில் ஏந்தி, தோளுக்குப் பக்கவாட்டில், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். மற்றக் கை மேல் மூலையில் இருக்கட்டும், படத்தை மறைக்காது. எழுத்து நமக்குச் சாய்வாகத் தெரியும் என்பதால் முந்தைய நாளே இரண்டு முறை வாய்விட்டு வாசித்திருக்க வேண்டும். வழவழப்பான தாளில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஓரத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் திட்டுதான் தெரியும். அவர்கள் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஏ4 அளவுப் புத்தகம் மூன்று வரிசைக்கு மேல் எட்டாது. கூட்டம் அதிகமென்றால் இரு குழுவாக்கி இருமுறை வாசிப்பதே மேல். குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதை செல்போனில் காட்டுவது மட்டும் வேண்டாம்.

முதல் வாசிப்பில் மூன்று நிறுத்தங்களுக்கு மேல் வைத்தால் கதை அறுந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதைத் துண்டுத்தாள் ஒட்டி முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் திருப்புவதற்குச் சற்று முன்தான் சரியான இடம். “இது என்ன?” என்றால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். “அடுத்து என்ன ஆகும்? படத்தில் எதைப் பார்த்துச் சொல்கிறாய்?” என்று கேட்டு ஐந்து விநாடி பொறுங்கள். தவறான ஊகத்தைத் திருத்த வேண்டாம், அடுத்த பக்கம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பாடத்தோடு சேர்ப்பதற்கு பசி அடங்காத ஒரு புழுவைப் பற்றிய எரிக் கார்லின் படக்கதை ‘தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்’ (1969) நல்ல எடுத்துக்காட்டு. திங்களன்று ஓர் ஆப்பிளில் தொடங்கி வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு வரை புழு தின்கிறது. புதன் பக்கம் முடிந்ததும் “நாளைக்கு எத்தனை?” என்று நிறுத்தலாம். ஐந்து நாளில் 15 பழங்கள், சனிக்கிழமை 10 தின்பண்டங்கள், ஞாயிறு ஓர் இலை, மொத்தம் 26. தாளில் நிஜமாகவே ஓட்டைகள் இருப்பதால் சின்னவர்கள் விரல் விட்டே எண்ணுவார்கள்.

ஒன்று முதல் மூன்று வகுப்புகள் சேர்ந்திருக்கும், தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பறைக்கும் இதே புத்தகம் போதும். அங்கே பிள்ளைகளின் கற்றல் நிலை அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக உயரும். அரும்பு நிலையில் புளியங்கொட்டை வைத்து எண்ணட்டும். மொட்டு நிலையில் ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டே போகட்டும். மலர் நிலையில் கொய்யாவும் நாவற்பழமும் போட்டுத் தங்கள் ஊர்ப் புழுவுக்கு ஒரு வார அட்டவணை எழுதட்டும். கதையை வாசிக்கும்போது மட்டும் பிளம் பழத்தை நாவற்பழமாக மாற்றிச் சொல்லாதீர்கள். படத்தில் இருப்பது வேறு என்று பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அறிவியல் பாடத்துக்கு இதே புத்தகத்தை எடுத்தால் கொஞ்சம் கவனம் தேவை. வண்ணத்துப்பூச்சி இழையால் பின்னிய கூட்டிலிருந்து வருவதாக அது சொல்கிறது. அப்படிக் கூடு கட்டுவது பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகளின் வழக்கம். வண்ணத்துப்பூச்சியின் புழு கடைசியாகத் தோலுரிக்கும்போது உள்ளிருந்து வெளிப்படும் கூட்டுப்புழுவின் மேல்தோலே இறுகி ஓடாகிறது. புழு இலையோடு நிற்காமல் பழமும் தின்பண்டமும் தின்பதும் கதைக்காகத்தான். இதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். கதையை முழுதாக வாசித்துவிட்டு, மறுநாள் பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடியிடம் கூட்டிப்போங்கள். இலையின் மேல் பறவை எச்சம் போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அது நகர்ந்தால், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வகையின் இளம்புழுவாக இருக்கலாம். தினமும் அது எதைத் தின்கிறது என்று பிள்ளைகளே வரைந்து வரட்டும்.